தம்பியின் ஈரல்

முஜீபின் ஈரலில் இருபத்திரண்டு விழுக்காடு கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. சென்னை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் டாக்டர் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, பேனாவால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"பிளட் குரூப் பொருந்துது. ஈரலோட அளவும் பொருந்துது. ஆனா இவ்வளவு கொழுப்போட இதை எடுக்க முடியாது. உங்க அக்காவுக்கு வைக்கிற பாகமும் சரியா வேலை செய்யாது, உங்ககிட்ட மிஞ்சுற பாகமும் சிரமப்படும்."

"நான் குடிக்கறதே இல்லியே சார்."

"குடிக்காதவங்களுக்கும் இது நிறைய வருது. பன்னிரண்டு வாரம் டைம். பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க. எடை குறைஞ்சா ஈரல்ல இருக்கிற கொழுப்பும் கரையும். திரும்பவும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்."

முஜீபுக்கு முப்பத்தொன்பது வயது, தொண்ணூற்றாறு கிலோ எடை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பதினேழு வருடமாக விற்பனையாளர். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலை பத்து மணியிலிருந்து சேலைகளை விரித்துக் காட்டுவதுதான் வேலை. கல்யாணச் சேலை எடுக்க வரும் குடும்பம் இரண்டு மணி நேரம் உட்காரும். அவர்களுக்கு டீ வரும்போது அவனுக்கும் ஒன்று வரும்.

அக்கா ஆஷிஃபா அவனைவிட ஏழு வயது மூத்தவள். வாலாஜாபாத்தில் இருந்தாள். அவள் கணவர் ஷரீஃப் அங்கே ஒரு அரிசி மில்லில் சூப்பர்வைசர். உடம்பு தன்னுடைய ஈரலையே வேற்றாளாக நினைத்துத் தாக்கும் நோய் அவளுக்கு நான்கு வருடமாக இருந்தது. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தவளுக்கு இந்த வருடம் வயிற்றில் நீர் கோத்தது, கண் மஞ்சளானது. ஈரல் மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். ஷரீஃபுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்ததால் அவர் கொடுக்க முடியாது. அம்மா போனபோது முஜீபுக்குப் பதினோரு வயது. அதன்பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தது ஆஷிஃபாதான். அதனால் நான் தருகிறேன் என்று சொல்ல அவன் யோசிக்கவே இல்லை. தன் ஈரலை வேண்டாம் என்பார்கள் என்றுதான் அவன் நினைத்திருக்கவில்லை.

டாக்டர் அவனை அடுத்த அறைக்கு அனுப்பினார். ஏஞ்சல் என்ற உணவு ஆலோசகர் அங்கே இருந்தாள். முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டான் என்று ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். பக்ரீத் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முஜீப் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். காலையில் பரோட்டா, பதினோரு மணிக்கு சமோசா, மத்தியானம் குஸ்கா, சாயங்காலம் கேக், ராத்திரி பரோட்டாவும் கறியும். டீ எத்தனை என்று கேட்டபோது அவன் விரல் மடித்து எண்ணி ஒன்பது என்றான்.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரையா?"

"கடை டீமா. அவங்க போடறதுதான்."

"முதல்ல அந்தச் சர்க்கரைய நிறுத்துங்க. அதுவே பாதி வேலைய முடிச்சிரும்." அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு, காய் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். தினமும் நாற்பத்தைந்து நிமிடம் வேகநடை. சாப்பிடும் தட்டை ஒவ்வொரு வேளையும் படம் எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

முஜீப் எழுந்திருக்கும்போது கேட்டான். "ஈரல சுத்தம் பண்றதுக்குன்னு தனியா ஏதாவது மருந்து இருக்குதாமா?"

"அப்படி எதுவும் கிடையாது சார். உடம்பைச் சுத்தம் பண்றதே ஈரல்தான். புதுசா எதையாவது குடிச்சா அதையும் சேர்த்து அதுதான் சுத்தம் பண்ணணும். கடையில விக்கிற பொடி, கஷாயம் எதையும் தொடாதீங்க."

அவன் தலையாட்டினான்.

மறுநாளிலிருந்து முஜீப் அதிகாலை ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் ஒலிமுகமதுபேட்டையில் இருந்த தன் வீட்டிலிருந்து கைலாசநாதர் கோயில் வரை நடந்து திரும்பினான். முதல் வாரம் முட்டி வலித்தது. இரண்டாவது வாரம் வலி குறைந்து மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் இரண்டு முறை போய்வர முடிந்தது. அவன் மனைவி சித்தாரா வீட்டில் பரோட்டா மாவு வாங்குவதை நிறுத்தினாள். கடை முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, முஜீப் மெத்தையிலிருந்து மாடி இருப்பு அறைக்கு மாறிக்கொண்டான். கீழே கேட்கிற சேலையை மாடியிலிருந்து எடுத்து வந்து கொடுப்பது வேலை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது முறை படி ஏறினான். மத்தியானம் மற்றவர்கள் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போது அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். அந்த வாசனைக்கு முன்னால் உட்கார அவனுக்குத் தைரியம் இல்லை.

ஆறாவது வாரம் தொண்ணூற்றொன்றரை கிலோ இருந்தான். ஏஞ்சல் கைதட்டும் படம் அனுப்பினாள்.

அதோடு நின்றுவிட்டது. ஏழாவது வாரமும் தொண்ணூற்றொன்றரை. எட்டாவதும் ஒன்பதாவதும் அதேதான். நடையைக் கூட்டினான், சோற்றைக் குறைத்தான். தராசு அசையவில்லை. இப்படி நடுவில் நிற்பது எல்லோருக்கும் வரும், மாற்றாமல் தொடருங்கள், உள்ளே ஈரலில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும் என்று ஏஞ்சல் போனில் சொன்னாள். தராசில் தெரியாத வேலையை நம்ப அவனால் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வாலாஜாபாத்துக்குப் போனான். ஆஷிஃபா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை கால் குச்சியாக இருந்தது, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளியிருந்தது. அவள் மகள் அஞ்சும் பக்கத்தில் இருந்தாள். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தாள். பத்தொன்பது வயது.

"மாமு, இப்ப எவ்ளோ இருக்கீங்க?" என்று அஞ்சும் கேட்டாள்.

"தொண்ணூத்தி ஒண்ணுதான்மா இருக்குது."

"உங்களுக்கு ஆகலன்னா நான் தரேன். பதினெட்டு முடிஞ்சா போதும்னு போட்டிருக்கு. நான் விசாரிச்சிட்டேன்."

ஆஷிஃபா கண்ணை மூடியபடியே சொன்னாள். "உன் வயித்த கிழிச்சி எனக்கு எதுவும் வாணாம். இத பத்தி இந்த வீட்ல இனிமே பேசாத."

அஞ்சும் அம்மாவின் தலையணையைச் சரிசெய்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த முஜீபுக்கு, அவள் விடமாட்டாள் என்று தெரிந்தது. தான் பத்து கிலோ குறைக்க முடியாததால் இந்தப் பெண் கத்திக்குக் கீழே படுக்கப் போகிறாள் என்றே திரும்பி வரும் ரயில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் அவன் வசந்தைப் பார்க்கப் போனான். இருவரும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். வசந்த் செவிலிமேட்டில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, எடை குறைக்கும் நிலையம் நடத்திவந்தான். முன்பு நூற்றுப் பத்து கிலோ இருந்து எண்பத்தைந்துக்கு வந்தவன். அந்த இரண்டு படங்களையும் பெரிதாகச் சுவரில் ஒட்டியிருந்தான். முஜீப் எல்லாவற்றையும் சொன்னான்.

"டாக்டருங்க சொல்றது தப்பு இல்லப்பா, ஆனா மெதுவா நடக்கும்," என்றான் வசந்த். "உள்ள இருக்கற நச்சு போவாம எடை எப்பிடி எறங்கும்? அதான் நின்னுக்கினு இருக்குது. ஈரல ஒருவாட்டி கழுவி வுட்டா கொழுப்பு தானா கரையும். இருபத்தியொரு நாள் கோர்ஸ். நானே ரெண்டு வருசமா எடுத்துக்கினு இருக்கேன்."

"ஆஸ்பத்திரியில எதையும் சாப்புடாதன்னு சொல்லியிருக்காங்க."

"இது மருந்தே இல்லப்பா. மூலிகை."

பச்சைப் பொடி ஒரு டப்பா, மாத்திரை ஒரு டப்பா. காலையில் வெந்நீரில் பொடி, சாயங்காலம் இரண்டு மாத்திரை, ராத்திரி சாப்பாடு கிடையாது. டப்பாவின்மேல் ஒரு இலையும் ஈரலும் வரைந்திருந்தது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் 'சிறப்பு மூலிகைக் கலவை' என்று மட்டும் இருந்தது. வசந்த் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவன் அதை முழுக்க நம்பினான். அதனாலேயே முஜீபும் நம்பினான்.

சித்தாராவிடம் புரோட்டீன் பவுடர் என்று சொன்னான். ராத்திரித் தட்டில் சோறும் காயும் போடச் சொல்லி, படம் எடுத்து ஏஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, பசியில்லை என்று தட்டை நகர்த்திவிடுவான்.

இரண்டாவது நாளிலிருந்து வயிற்றால் போனது. நச்சு வெளியேறுகிறது என்று வசந்த் சொன்னான். ஐந்தாம் நாள் எண்பத்தொன்பது. பன்னிரண்டாம் நாள் எண்பத்தேழு. முஜீபுக்குத் தராசில் ஏறுவதே சந்தோஷமாக இருந்தது. பதினைந்தாம் நாளிலிருந்து அந்த சந்தோஷம் குறைந்தது. படி ஏறும்போது கால் துவண்டது. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனது. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்போம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"ஏங்க, உங்க மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது," என்றாள் சித்தாரா.

"எடை எறங்கினா அப்பிடித்தான் இருக்கும்."

பன்னிரண்டாவது வாரம் முடிந்தபோது அவன் எடை எண்பத்தைந்தே முக்கால். பத்து கிலோவுக்குமேல் குறைந்திருந்தது. அன்று ஆஷிஃபாவுக்கும் ஆஸ்பத்திரியில் பரிசோதனை இருந்ததால் இருவரும் சேர்ந்தே சென்னைக்குப் போனார்கள். ஏஞ்சல் எடையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தாள். அப்புறம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

டாக்டர் இந்த முறை வட்டம் போடவில்லை. தாளையே அவன் பக்கம் திருப்பினார். ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற ஓர் அளவு நாற்பதுக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு முந்நூற்று நாற்பது இருந்தது.

"மது?"

"தொட்டதே இல்ல சார்."

"வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, பொடி?"

ஏஞ்சல் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். முஜீப் அவளைப் பார்த்தான். "இல்ல சார்," என்றான்.

"அப்ப மஞ்சள் காமாலைக் கிருமி ஏதாவது இருக்கான்னு டெஸ்ட் எழுதறேன். அதுலயும் தெரியலன்னா ஈரல்லயிருந்து ஊசியில சதை எடுத்துப் பார்க்கணும். இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே இல்ல."

தாம்பரத்தில் பஸ் ஏறினார்கள். காஞ்சிபுரம் போகும் பஸ். ஆஷிஃபா வழியில் வாலாஜாபாத்தில் இறங்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் கையை நீட்டினாள். "உன் ரிப்போர்ட்ட குடு."

நான்கு வருடமாகத் தன் ரிப்போர்ட்டுகளைப் படித்துப் படித்து, அவளுக்கு ஒவ்வொரு வரியும் பழகியிருந்தது. விரல் வைத்துப் படித்தாள். படப்பை தாண்டும்வரை திரும்பத் திரும்ப அதையே படித்தாள்.

"மூணு மாசம் முன்னாடி எடுத்ததுல இது அம்பத்தி ரெண்டு இருந்துச்சி. கொழுப்பு குறைஞ்சா இதுவும் குறையணும். ஏறியிருக்குது. நீ இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்ல ஆபா."

"முஜீப்."

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். வசந்த், பொடி, மாத்திரை, படம் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்த தட்டு, எல்லாவற்றையும் சொன்னான். அஞ்சும் பேசியதைக் கேட்டுப் பயந்துவிட்டதையும் சொன்னான்.

ஆஷிஃபா கத்தவில்லை. அவளுக்குக் கத்துகிற பலமும் இல்லை. "எனக்கு இந்த நோவு தானா வந்துச்சி," என்றாள். "நான் எதையும் தின்னு இத வாங்கல. நீ நல்லா இருந்த ஈரல கெடுத்துக்கினு வந்து எனக்குத் தரேன்றியா? உனக்கு ஒண்ணு ஆனா சித்தாராவுக்கு நான் இன்னாடா பதில் சொல்றது?"

அவள் ரிப்போர்ட்டை மடித்து அவன் மடியில் வைத்தாள்.

"போனப் போடு. அந்த ஏஞ்சல் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லு."

"வீட்டுக்குப் போயி..."

"இப்பவே."

பஸ் ஒரகடம் சிக்னலில் நின்றபோது முஜீப் போன் செய்தான். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, மூன்று வாரம் பொய் சொன்னேன்மா என்று ஆரம்பித்தான். ஏஞ்சல் திட்டவில்லை. டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், இன்றோடு நிறுத்தச் சொன்னாள், டாக்டரிடம் பேசிவிட்டு அழைப்பதாகச் சொன்னாள். அரை மணி நேரத்தில் அழைத்தாள். வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இறங்கி, நிலையாக நின்ற பிறகுதான் மற்றதெல்லாம்.

"சார், ஒரு விஷயம்," என்றாள். "பொடி குடிக்கிறதுக்கு முன்னாடி ஒன்பது வாரம் நீங்க செஞ்சீங்களே, அதுதான் உங்க ஈரல்ல கொழுப்பைக் கரைச்சிருக்கும். திரும்பவும் அதையே செய்யுங்க. பட்டினி வேணாம். ராத்திரி தட்டுல இருக்கிறத சாப்பிடுங்க."

அடுத்த வாரம் முஜீப் மிச்சம் இருந்த டப்பாவையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனான். நிலையத்தில் நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். வசந்தை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுப் போய்த் தாளைக் காட்டினான்.

வசந்த் வெகுநேரம் பார்த்தான். "எல்லாருக்கும் ஒத்துக்கிச்சேப்பா. உனக்கு ஏற்கனவே ஈரல்ல பிரச்சனை இருந்திருக்கும்."

"இருந்துச்சி. அதுக்குதான உன்கிட்ட வந்தேன்."

வசந்த் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நான் சண்டை போட வரல," என்றான் முஜீப். "நீ ரெண்டு வருசமா குடிக்கற. என்னிக்காச்சும் ரத்தம் டெஸ்ட் எடுத்திருக்கியா?"

எடுத்ததில்லை என்று அவன் தலை ஆட்டினான். முஜீப் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தான். பத்து நாள் கழித்து வசந்திடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வேறு செய்தி எதுவும் இல்லை. அவனுடைய ரத்தப் பரிசோதனைத் தாள். நூற்றுப் பதினெட்டு. முஜீப் ஆஸ்பத்திரியின் தொலைபேசி எண்ணைப் பதிலாக அனுப்பினான்.

முஜீபின் எண்கள் இறங்கின. முந்நூற்று நாற்பது இருநூறானது, பிறகு நூற்றுப் பத்து, எழுபது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரத்தம் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனான். எடை மட்டும் இரண்டு கிலோ ஏறியது. அது தண்ணீரும் சோறும்தான், பயப்படாதீர்கள் என்றாள் ஏஞ்சல். இந்த முறை அவன் பயப்படவில்லை. காலையில் நடந்தான், தட்டில் இருந்ததைச் சாப்பிட்டான்.

ஆஷிஃபாவின் நிலை அந்த நாட்களில் மோசமானது. ஈரல் நீக்காத நச்சு மூளைக்கு ஏறி, ஒருநாள் காலை ஷரீஃபைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து தெளிய வைத்து அனுப்பினார்கள். அதே நான்கு நாளில் அஞ்சும் யாரிடமும் சொல்லாமல் அங்கேயே ரத்தமும் ஸ்கேனும் கொடுத்திருந்தாள். எல்லாம் பொருந்தியது. ஷரீஃப் அதைக் கேட்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்.

தெளிந்த பிறகு ஆஷிஃபா ஷரீஃப், அஞ்சும், முஜீப் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "நான் இருக்கறது அஞ்சுமுக்காகத்தான்," என்றாள். "அவகிட்டயே வாங்கறதுக்கு எனக்கு மனசு வரல. ஆனா செத்துப் போறதுக்கும் மனசு வரல. இன்னும் மூணு வாரம் பாக்கலாம். முஜீபுக்குச் சரியாவலன்னா, அவ கையெழுத்து போடட்டும். நான் தடுக்க மாட்டேன்."

அஞ்சும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முஜீப் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

இரண்டாவது வாரம் முப்பத்தெட்டு வந்தது. மூன்றாவது வாரம் முப்பத்தொன்று. உடனே ஸ்கேனுக்கு அழைத்தார்கள். ஈரலில் கொழுப்பு நான்கு விழுக்காடு. எடை எண்பத்தேழரை. டாக்டர் இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எண்பத்தஞ்சுக்கு வந்தப்ப உங்ககிட்ட இருந்து எடுத்திருந்தா நீங்க பிழைச்சிருப்பீங்களான்னு எனக்குச் சொல்ல முடியாது," என்றார். "இப்ப எடுக்கலாம்."

தீபாவளி வியாபாரம் முடிந்து, கார்த்திகை முகூர்த்தங்களுக்குக் கடை நிரம்பிய சமயத்தில் ஆபரேஷன் நடந்தது. முதலாளி இரண்டு மாதம் லீவு கொடுத்தார். காலை ஆறு மணிக்கு முஜீபை உள்ளே கொண்டுபோனார்கள்; மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வந்தான். ஆஷிஃபா வெளியே வர சாயங்காலம் ஆறு ஆனது. சித்தாராவும் அஞ்சுமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஏ.சி. குளிர் தாங்க முடியவில்லை.

முஜீபுக்கு முதல் மூன்று நாள் வலி உயிரை எடுத்தது. இருமினால் வயிறு இரண்டாகப் பிளந்துவிடும்போல இருந்தது. நான்காம் நாள் நர்ஸ் அவனைப் பிடித்து நடக்க வைத்தாள். ஆறாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி வரை நடந்து போனான். உள்ளே ஆஷிஃபா குழாய்களுக்கு நடுவில் விழித்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கையைத் தூக்கி, நிற்காதே, போய்ப் படு என்று சைகை செய்தாள். அவள் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஆஷிஃபாவுக்குப் பித்தக் குழாயில் கசிவு வந்து, இன்னும் பதினெட்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தது. இனி வாழ்நாள் முழுக்க அவள் மாத்திரை சாப்பிட வேண்டும். முஜீப் மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. கடைக்குத் திரும்பியபோது அவனை மெத்தையிலும் உட்காரவைக்காமல், மாடிக்கும் அனுப்பாமல், வாசலில் வாடிக்கையாளர்களை வரவேற்க நிறுத்தினார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது.

பிப்ரவரி ஆரம்பத்தில் மூன்றாம் மாத ஸ்கேன். முஜீபின் ஈரல் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது. வரப்போகிற ரம்ஜானுக்கு நோன்பு வைக்கலாமா என்று கேட்டான். இந்த வருடம் இருவருக்குமே வேண்டாம் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் வாலாஜாபாத்தில் இறங்கி, அக்கா வீட்டுக்குப் போனான். மத்தியான நேரம். கதவைத் திறந்த அஞ்சும் மெதுவாகப் பேசினாள்.

"அம்மா தூங்கறாங்க மாமு. எழுப்பவா?"

"வாணாம்மா. தூங்கட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அஞ்சும் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்க மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள்.